ஸ்காட் கையெழுத்துப் போட்ட அஞ்சலட்டை 900 ரிங்கிட்டுக்கு வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தென்துருவப் பயணக்காரர்களின் கையெழுத்துகளைச் சேர்க்க ஆசை. கேப்டன் ஸ்காட் கையெழுத்திட்ட கப்பல் படத்து அஞ்சலட்டை ஒன்று இணையத்தில் 900 ரிங்கிட்டுக்கு, சான்றிதழோடு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

ஸ்காட் கையெழுத்துப் போட்ட கடிதங்கள் லண்டன் ஏலங்களில் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகின்றன. "விற்கிறவருக்கு மதிப்புத் தெரியாமல் இருக்கலாமே" என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள். மதிப்புத் தெரியாதவர் சான்றிதழை மட்டும் எதற்கு அச்சடித்தார்? சான்றிதழ் என்பது ஒரு காகிதம், அவ்வளவுதான். எந்த ஏலம், எந்த ஆண்டு, எத்தனையாவது உருப்படி என்று கேளுங்கள். பெரிய ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்கள் படத்தோடு இணையத்திலேயே கிடைக்கும். அந்தப் படத்தில் உள்ள கறையும் மூலைமடிப்பும் உங்களுக்குக் காட்டும் அட்டையில் இருக்கிறதா என்று ஒப்பிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது தேதி. ஸ்காட்டின் கடைசிப் பயணத்துக் கப்பலான டெர்ரா நோவா பிரிட்டனின் கார்டிஃப் துறைமுகத்தை விட்டது 1910 ஜூன் 15. ஸ்காட்டின் நாட்குறிப்பு 1912 மார்ச் 29-உடன் நிற்கிறது. துருவத்திலிருந்து திரும்பும் வழியில் செத்துப்போன அவர்களின் கூடாரத்தையும் உடல்களையும் கண்டுபிடித்தது அதே ஆண்டு நவம்பர் 12. உலகத்துக்குச் செய்தி தெரிந்தது 1913 பிப்ரவரியில். அதன்பிறகு வந்தவை எல்லாம் நினைவு அட்டைகள். அவற்றில் கையெழுத்து இருந்தால் அது அச்சு, இல்லாவிட்டால் போலி. அவர் பெரும்பாலும் 'ஆர். ஸ்காட்' என்றுதான் போட்டார். ராபர்ட் ஃபால்கன் ஸ்காட் என்று அழகாக நீட்டி எழுதியிருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

அச்சா பேனாவா என்று பார்க்க, நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு பூதக்கண்ணாடி போதும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. புள்ளி இல்லாத அச்சும் உண்டு. அதற்கு இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தைப் பாருங்கள். பேனா மை அந்த இடத்தில் கறுத்திருக்கும், அச்சில் எல்லா இடமும் ஒரே அழுத்தம். ரப்பர் முத்திரையில் மை ஓரத்துக்கு ஒதுங்கி, கோட்டின் நடு வெளுத்திருக்கும். நிப்புப் பேனாவை அழுத்திய இடத்தில் தண்டவாளம் மாதிரி இரண்டு மெல்லிய தடங்கள் இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பந்துமுனைப் பேனா கடைக்கு வந்ததே 1940-களில்தான். 1922-இல் செத்துப்போன இன்னொரு தென்துருவப் பயணக்காரர் ஷேக்கிள்டன் அதில் கையெழுத்துப் போட்டதாக விற்பவர்களும் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் தெரிந்தே ஏமாற்றுகிறவன் செய்வது வேறு. 1900 வாக்கில் அச்சான புத்தகத்தின் வெற்றுத்தாளைக் கிழித்து, அதில் நிப்புப் பேனாவால் எழுதுவான். கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கை அடித்தால் அகப்படமாட்டான், ஏனென்றால் காகிதம் உண்மையிலேயே பழசு. (1950-க்குப் பிந்திய வெள்ளைத்தாளில் பெரும்பாலும் வெளுப்பேற்றும் ரசாயனம் கலந்திருக்கும், அந்த விளக்கில் நீலமாக மின்னும். மின்னினால் போலி. மின்னாவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை.) அவனைக் காட்டிக்கொடுப்பது பசை. தாள் செய்யும்போது மை ஊறாமலிருக்கப் பசை ஏற்றுவார்கள். நூறு ஆண்டில் அது செத்துவிடும். அதன்மேல் புது மை பட்டால் நார் வழியே மயிர்மயிராகப் பிரிந்து ஓடும். மடிப்பைக் கடக்கும் கோட்டை இன்னும் கவனமாகப் பாருங்கள். முதலில் எழுதி, பிறகு மடித்த தாளில் கோடு மடிப்போடு சேர்ந்து உடைந்திருக்கும். மடித்த தாளில் பிறகு எழுதியிருந்தால், மை அந்தப் பிளவுக்குள் இறங்கி இரண்டு பக்கமும் கசிந்திருக்கும்.

கண்ணைப் பழக்க லண்டன் போக வேண்டாம். பழைய தோட்டத்துக் கிராணியார் கைப்பட எழுதிய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) புத்தகம் யார் வீட்டிலாவது இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தக் காலத்து இரும்பு மை எழுதும்போது நீலக்கறுப்பு, பிறகு கறுப்பு, பல ஆண்டு கழித்துப் பழுப்பு. அழுத்தி எழுதிய இடத்தில் தாளின் பின்பக்கமும் பழுப்பேறியிருக்கும். ஆனால் செக்ரோல் எங்கே இருக்கிறது? தோட்டம் கைமாறி வீடமைப்பாக மாறியபோது ஆபீஸ் அலமாரியோடு கிலோக் கணக்கில் பழைய பேப்பர் லோரியில் ஏறிவிட்டது. ஸ்காட்டின் கடிதங்களை கேம்பிரிட்ஜில் அவர் பெயரிலேயே ஒரு துருவ ஆய்வு நிறுவனம் வைத்துக் காக்கிறது. யார் எந்த நிரையில் பால் வெட்டினார், எத்தனை நாள் பேர் விழவில்லை என்ற கணக்குக்கு நம் ஊரில் ஒரு பெட்டி கிடைக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும். மிஞ்சிய தாத்தா பத்திரங்களையும் போட்டோஸ்டாட் கடையில் கொடுத்து லேமினேட் பண்ணிவிடுகிறோம். லேமினேட் பண்ணிய தாள் போனது போனதுதான், சூட்டில் பிளாஸ்டிக்கின் பசை நாருக்குள் இறங்கிவிடும்.

கையெழுத்துச் சேர்க்கத் தொடங்க வேண்டிய இடம் ஹிலாரி. எவரெஸ்ட்காரர் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1958 ஜனவரி 4-இல் பெர்குசன் டிராக்டரிலேயே தென்துருவம் போய்ச் சேர்ந்தவர் அவர். நம் தோட்டங்களில் செம்பனைக் குலை இழுத்த மேசி பெர்குசனின் மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1992 முதல் நியூசிலாந்து 5 டாலர் நோட்டில் அவர் முகம். 2008-இல் இறக்கும்வரை கேட்டவர்களுக்கெல்லாம் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அதனால் ஒப்பிட்டுப் பார்க்க நிறைய இருக்கிறது. அதே பயணத்தில் கண்டத்தையே 99 நாளில் குறுக்கே கடந்த பிரிட்டிஷ்காரர் ஃபுக்ஸ் 1999 வரை இருந்தார். தபால் முத்திரை படிக்கப் பழக, அமெரிக்கத் தென்துருவப் பயணக்காரர் பேர்டின் 1933-35 பயணத் தபால் உறைகள் நல்லவை. தபால்தலைக்கு 3 சென்ட், பயணச் செலவுக்கு 50 சென்ட் என்று வாங்கி அனுப்பியவை, கையெழுத்து இல்லாதது மலிவு.

பிரிட்டனிலிருந்து வாங்குவதானால், 50 வயது தாண்டிய கையெழுத்து ஆவணத்துக்கு ஏற்றுமதி அனுமதி யார் எடுப்பது என்று முன்கூட்டியே கேளுங்கள். ஏலத் தொகைக்கு மேல் நிறுவனத்தின் கட்டணம் 25 விழுக்காட்டையும் தாண்டும்.

வந்த பிறகுதான் நம் ஊர் வேலையைக் காட்டும். காற்றின் ஈரம் 65 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும், நமக்கு மழை நாளில் 80, 90. கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர் பெட்டியில் 45-50-இல் வையுங்கள். 30-க்குக் கீழே இறக்கினால் தாள் நொறுங்கும். இரவில் மட்டும் ஏர்கண்டிஷன் போடும் அறை வேண்டாம், தாள் தினம் விரிந்து சுருங்கும். உறை பாலியெஸ்டராக இருக்கட்டும். புது பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பிவிசி கோப்பு மையை ஒட்டி இழுத்துவிடும். சுவரில் மாட்ட ஆசையென்றால் நகலை மாட்டுங்கள்.

இப்போதைக்கு அந்த விற்பனையாளரிடம் நான்கு கேளுங்கள்: அட்டையின் பின்பக்கப் படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம், அளவுகோல் வைத்துக் கையெழுத்தின் நெருக்கப் படம், முந்தைய ஏல விவரம். ஒன்று குறைந்தாலும் அந்தப் பணத்தில் ஒரு சின்ன உலர் பெட்டி வாங்கி வைத்துவிடுங்கள்.