இடேர்னல் ஐடல்: ஒரே ஆல்பம், இரண்டு குரல்

பிளாக் சபாத் என்ற ராக் இசைக்குழுவின் ‘தி இடேர்னல் ஐடல்’ ஆல்பம் உங்களிடம் இரண்டு கோப்பாக இருந்து, பாடுபவர் குரல் மாறுகிறது என்றால் கோப்பில் பழுதில்லை. முதலில் பாடிப் பதிவு செய்தவர் ரே கில்லன். அவர் விலகியதும் டோனி மார்ட்டின் அதே இசைமேல் மறுபடி பாடினார்; 1987இல் வெளிவந்தது அதுதான். கில்லன் பாடியவை 2010 டீலக்ஸ் பதிப்பின் இரண்டாம் தட்டில் உள்ளன. அதைத் தனி ஆல்பமாகவே டேக் செய்யுங்கள் (கோப்பின் தகவலில் வேறு ஆல்பம் பெயர் கொடுங்கள்), இல்லாவிட்டால் பிளேயர் இரண்டையும் கலந்துவிடும்.

இன்னொரு பொறி: 1983 ‘போர்ன் அகெய்ன்’ பாடகர் இயன் கில்லன், டீப் பர்ப்பிள் என்ற இன்னொரு ராக் குழுக்காரர். வேறு ஆள்! தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆகவே முதற்பெயரை விடாதீர்கள். இடையில் வந்த 1986 ‘செவன்த் ஸ்டார்’? அதில் க்ளென் ஹியூஸ். பிளாக் சபாத் கிதார் கலைஞர் டோனி ஐயோமி தன் தனி ஆல்பமாகத் தொடங்கியது அது. ஒலி வித்தியாசமாக இருப்பதில் வியப்பில்லை.