வினிகரில் கரையாத மாத்திரை

அம்மா, மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதத்தில் அவள் மார்க் பற்றி நாலு வரி; அவள் வீணாக்கிய மாத்திரைகளைப் பற்றி ஒரு பக்கம். எனக்கு அந்த ஒரு பக்கம்தான் முக்கியமாகப் பட்டது.

பெருங்குடல் புண்ணுக்கு, அதாவது அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு, அவள் அண்ணன் சாப்பிடும் மெசலமைன் மாத்திரையில் இரண்டை எடுத்திருக்கிறாள். ஒன்று வினிகர் டம்ளரில், மற்றொன்று சமையல் சோடா கரைத்த தண்ணீரில். காலையில் பார்த்தால் வினிகரில் போட்டது அப்படியே கிடக்கிறது. சோடாவில் போட்டது தோலுரிந்து கூழாகிவிட்டது. "விலை கூடின மாத்திரை சார், நல்லா திட்டிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டியது நியாயம்தான். ஆனால் மருந்து கம்பெனிகளில் டிசல்யூஷன் என்று ஒரு சோதனை உண்டு. 37 டிகிரி சூட்டில், வயிற்று அமிலம் போன்ற திரவத்தில் மாத்திரையை இரண்டு மணி நேரம் சுழல விட்டு, பிறகு குடல்நீர் போன்ற திரவத்துக்கு மாற்றிப் பார்ப்பார்கள். யாரும் சொல்லித்தராமலே உங்கள் மகள் சமையலறையில் செய்தது அதன் ஏழை வீட்டு வடிவம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். "நானோ மருந்து படிக்கப்போறேன்னு அடம்பிடிக்கிறாள், அதுக்கு வேலை இருக்கா?"

அந்தத் துறை என்ன செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். புண் இருப்பது பெருங்குடலில். மருந்து போவதோ வாய் வழியாக. நடுவில் வயிற்று அமிலம், அதைத் தாண்டினால் பல மீட்டர் சிறுகுடல். வழியிலேயே மருந்து ரத்தத்தில் கலந்துவிட்டால் புண்ணுக்குப் போய்ச் சேருவது சொற்பம். இதற்கு மனிதர் கண்ட வழிகள் பழையவை. சல்ஃபாசலசின் என்ற மருந்து 1940களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள ஒரு பிணைப்பை வெட்டினால்தான் உள்ளே இருக்கும் மெசலமைன் வெளிவரும். அண்ணனின் மாத்திரை வேறு வழி. அமிலத்தில் கரையாமல், குடலின் கடைசிப் பகுதியில் அமிலத்தன்மை குறைந்த பிறகே கரையும் மேல்பூச்சு அதற்கு. அதனால்தான் கடிக்காமல், உடைக்காமல் விழுங்கச் சொல்கிறார்கள்.

இதிலும் குறை உண்டு. பூச்சு கரைந்ததும் மருந்து புண்ணுள்ள இடம், இல்லாத இடம் என்று பார்ப்பதில்லை. வயிற்றுப்போக்கு மும்முரமாக இருந்தால் கரைவதற்குள் மாத்திரையே வெளியேறிவிடவும் கூடும். இங்கேதான் நானோ, அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களில் மருந்தை ஏற்றி அனுப்பும் முறை, நுழைகிறது. 2001இல் வந்த ஓர் ஆய்வில், குடல் அழற்சி உண்டாக்கிய எலிகளுக்கு வெவ்வேறு அளவுத் துகள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 10 மைக்ரான், 1 மைக்ரான் துகள்களைவிட 0.1 மைக்ரான், அதாவது 100 நானோமீட்டர் துகள்கள்தான் புண்பட்ட இடத்தில் அதிகம் ஒட்டின. அழற்சி வந்த இடத்தில் குடல்சுவரின் காவல் தளர்ந்திருக்கும், துகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் குவிந்திருக்கும். நோய் திறந்துவைத்த கதவு வழியாகவே மருந்தை அனுப்புவதுதான் யோசனை. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், பழத்தோல் பெக்டின் என்று துகள் செய்யும் பொருள்கள்கூட நமக்கு அந்நியமில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இஞ்சிச் சாற்றிலிருந்தே நானோ துகள் பிரித்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2016இல் வெளியிட்டார்கள். (அதற்காக அண்ணனின் மாத்திரையை நிறுத்திவிட்டு இஞ்சிச் சாறு கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல.)

மறைக்காமல் சொல்கிறேன், இதில் பெரும்பகுதி இன்னும் எலிக்கூண்டைத் தாண்டவில்லை. எலியின் குடல் வேறு, மனிதக் குடல் வேறு. ஆய்வகத்தில் சில மில்லி செய்த துகளை, ஒரே அளவு மாறாமல் கிலோ கணக்கில் செய்வது தனிப் போராட்டம். ஆகவே "நானோ" என்பது வேலையின் பெயரல்ல, ஓர் ஆராய்ச்சித் தலைப்பு. சம்பளம் தருவது அதற்கு அடியில் இருக்கும் ஃபார்முலேஷன், அதாவது மருந்தை மாத்திரையாக, பூச்சாக, துகளாக வடிவமைக்கும் தொழில்.

அதனால் பட்டப்படிப்பின் பெயரிலேயே நானோ இருக்கும் கல்லூரிகளைத் தேடாதீர்கள். இதில் என் தப்பும் உண்டு. பல வருஷத்துக்கு முன் ஒரு பையனை அப்படி ஒரு படிப்பில் சேரச் சொல்லி, நாலு வருஷம் கழித்து "சார், இன்டர்வியூவில் மாத்திரை எப்படிச் செய்வாங்கன்னு கேட்டாங்க, தெரியலை" என்று அவன் வந்து நின்றான். இன்றும் அவன் முகம் மறக்கவில்லை.

பி.ஃபார்ம் சேருங்கள். நாலு வருஷம். நீட் வேண்டாம், தமிழ்நாட்டில் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளில் அரசுக் கட்டணத்தில் படிக்கலாம். ஃபார்ம்.டி என்று யாராவது சொன்னால், அது ஆறு வருஷம், ஆஸ்பத்திரி வார்டு சார்ந்த படிப்பு; இவளுக்கு வேண்டியது அதுவல்ல. மூன்றாம் வருஷத்திலிருந்தே ஜிபேட் என்ற, முதுநிலைப் படிப்பான எம்.ஃபார்முக்கான தேசியத் தேர்வுக்குத் தயாராகட்டும். மொஹாலி, ஹைதராபாத் போன்ற இடங்களில் இருக்கும் நைப்பர் என்ற மத்திய அரசு மருந்தியல் நிறுவனங்களின் தனி நுழைவுத் தேர்வை எழுதவும் அதில் தேறியிருக்க வேண்டும். எம்.ஃபார்மில் ஃபார்மசூட்டிக்ஸ் எடுத்தால் துகள் செய்யலாம். ஃபார்மகாலஜி எடுத்தால் அதை எலிக்குக் கொடுத்துப் பார்க்கலாம். எது வேண்டுமென்று அவளுக்கு அப்போது தெரிந்துவிடும்.

எம்.ஃபார்மோடு நிறுத்தினாலும் ஹைதராபாத், பெங்களூரு, அகமதாபாத் பக்கம் வேலை உண்டு. அண்ணன் சாப்பிடுவது போன்ற பூச்சு மாத்திரைகளுக்கு ஜெனரிக், அதாவது அதே மருந்தின் மலிவு விலை நகல், செய்வது சுலபமில்லை, கை தேர்ந்தவர்கள் தேவை. நானோ மருந்துகளை எப்படி மதிப்பிடுவது என்று இந்தியா 2019இலும் அமெரிக்கா 2022இலும் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கின்றன. அதைப் படித்துக் கோப்பு தயாரிக்கும் ரெகுலேட்டரி வேலையும் ஒன்று. நானோ ஆராய்ச்சியேதான் என்றால் பிஎச்.டி. முடிக்கும்போது வயது 28, 29 ஆகிவிடும். கல்யாணப் பேச்சை அதற்கு நடுவில் எங்கே நுழைப்பது என்று கேட்டிருந்தீர்கள். அதை அவளிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். டிசல்யூஷன் மெஷின் எங்கே என்று கேட்டு, அதன் ஜாடிகளில் தண்ணீர் இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று அவளையே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.