பெட்டிக்குள் தூங்கும் பழைய கிட்டார்: வாசகர் கேள்வி – பதில்

மதுரை வாசகர்: சித்தப்பா 1980-களில் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கொண்டுவந்தார். இருபது வருடமாகப் பெட்டியிலேயே இருக்கிறது. ஹெட்ஸ்டாக்கில் (கழுத்தின் தலைப்பகுதி) எஸ்9 என்று தொடங்கும் எண் இருக்கிறது. 1979-இல் செய்ததா? அசல்தானா? நல்ல விலை போகுமா?

பதில்: எண்ணை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்லிவிட முடியாது. ஃபெண்டர் 1976-இல்தான் வரிசை எண்ணைக் கழுத்தின் பின்தகட்டிலிருந்து ஹெட்ஸ்டாக்குக்கு மாற்றியது. எஸ்7 என்றால் 1977, எஸ்8 என்றால் 1978 என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். எஸ்9-இல் மட்டும் அந்தக் கணக்கு உதைக்கும். அந்த எண்கள் 1981 வரைகூட ஒட்டப்பட்டன.

நம்பகமான சாட்சி பிக்கார்டுக்கு, அதாவது முகப்பில் திருகியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டுக்கு, அடியில் இருக்கிறது. கம்பிகளைக் கழற்றிவிட்டு, முனை சரியாகப் பொருந்தும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் 11 திருகுகளையும் எடுங்கள். பிக்கார்டை மெதுவாகப் புரட்டுங்கள். ஜாக்குக்கும் பின்பக்க ஸ்பிரிங் குழிக்கும் போகும் வயர்கள் இழுபடக் கூடாது. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியிலுள்ள பாட் என்னும் மின்பாகங்களின் முதுகிலோ விளிம்பிலோ ஏழு இலக்கம் பொறித்திருக்கும். 1377932 என்றிருந்தால், 137 என்பது பாட்டைச் செய்த சி.டி.எஸ். நிறுவனம், 79 ஆண்டு, 32 வாரம். அதாவது அந்தப் பாட் 1979-இன் 32-ஆவது வாரத்தில் செய்தது. கிட்டார் அதற்கு முன் செய்ததாக இருக்க முடியாது, பின் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். 1966-இல் ஃபெண்டர் மொத்தமாக வாங்கிக் குவித்த பாட்கள் அந்தப் பத்தாண்டின் கடைசி வரை கிட்டார்களில் ஏறிக்கொண்டிருந்தன. மூன்று பாட்களின் தேதியும் அக்கம்பக்கமாக இருந்து, ஈயப் பற்று மூன்றிலும் ஒரேபோல மங்கியிருந்தால் யாரும் கை வைக்கவில்லை என்று நம்பலாம். ஒன்றில் மட்டும் ஈயம் பளபளத்தால் அது பிறகு மாற்றியது.

வெளியே பார்க்க வேண்டியவையும் உண்டு. 1971-இன் கடைசியிலிருந்து 1981 வரை வந்த ஸ்ட்ராட்டில் கழுத்தைப் பிடிப்பது மூன்று திருகு. ஹெட்ஸ்டாக்கில் தோட்டா முனை போல டிரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புத் தண்டு) நட் துருத்தி நிற்கும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்களின் காந்தங்கள் 1974 வாக்கிலிருந்து ஒரே உயரம். அதற்கு முன் ஏற்ற இறக்கமாக இருக்கும். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்ச் 1977-இலிருந்து. இன்னொன்று: உடலிலும் கழுத்திலும் தடித்த பாலியெஸ்டர் பூச்சு, ஹெட்ஸ்டாக் முகப்பில் மட்டும் பழைய நைட்ரோ லாக்கர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. அதனால் முகப்பு தேன் நிறமாகப் பழுத்திருக்கும், விரல் வைக்கும் ஃபிரெட்போர்டு மேப்பிள் மரமென்றால் வெளுப்பாகவே இருக்கும். போலி செய்பவர் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

விலை விஷயத்தில் ஒரு கோடு உண்டு. 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்தையவற்றின் விலைக்கும் உங்களுடையதன் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் எதுவும் மாற்றாத எழுபதுகளின் ஸ்ட்ராட்டுக்கு நல்ல கிராக்கி இருக்கிறது. ரிவெர்ப் போன்ற இசைக்கருவி விற்பனைத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். பெட்டி, டிரெமொலோ கைப்பிடி, பிரிட்ஜ் மூடி, பழைய ரசீது எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒன்றாக வையுங்கள். தொலைந்தால் தனித்தனியாக வாங்கப் பெரும் பணம் ஆகும்.

தூத்துக்குடி வாசகர்: 1980-களில் ஜப்பானில் செய்த ஸ்குவையர் (ஃபெண்டரின் துணைப் பிராண்டு) ஸ்ட்ராட் வைத்திருக்கிறேன். வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். நடு பிக்கப்பில் சத்தமே இல்லை. வயரிங் முழுவதையும் மாற்றிவிடலாம் என்கிறார் கடைக்காரர்.

பதில்: மாற்ற விடாதீர்கள். உங்கள் எண் ஜே.வி. அல்லது எஸ்.க்யூ. என்று தொடங்கினால் அது 1982–84 காலத்து ஃபுஜிஜென் தொழிற்சாலைக் கிட்டார். அசல் பாகங்களோடு தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கரகரப்புக்குக் காரணம் கடற்காற்றும் தூசும். பாட்டின் மூன்று கால்களுக்கு மேலே சிறு திறப்பு இருக்கும். கான்டாக்ட் கிளீனரை அதில் அரை நொடி அடித்துவிட்டு, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 30 முறை திருப்புங்கள். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம். உள்ளே எண்ணெய்ப் படலமாக நின்று தூசியைச் சேர்க்கும், இரண்டே மாதத்தில் பழைய கதைதான்.

ஊமைப் பிக்கப்பைக் கழற்றாமலே சோதிக்கலாம். கேபிளைக் கிட்டாரில் செருகுங்கள். குமிழ்கள் எல்லாம் முழுதாகத் திறந்திருக்க, சுவிட்ச் நடு நிலையில். மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, கேபிளின் மறுமுனைப் பிளக்கில் நுனியையும் உடலையும் தொடுங்கள். 5 முதல் 7 வரை காட்டினால் சுருள் நலம், கோளாறு வேறெங்கோ. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் வயர் எங்கோ உரசி ஷார்ட் ஆகிறது. அளவு கடந்ததாகக் காட்டினால் 2 மெகா ஓமுக்கு மாற்றுங்கள். அங்கே 250 கிலோ ஓம் சுற்றி வந்தால் மீட்டர் படிப்பது வால்யூம் பாட்டை மட்டும்தான். வழி பிக்கப் பக்கம் அறுந்திருக்கிறது. முதலில் சுவிட்சின் தொடுமுனையைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அதே எண் வந்தால் சுருள்தான்.

அந்தச் சுருள் கம்பியின் கனம் 0.06 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. ஏறத்தாழ எட்டாயிரம் சுற்று. ஸ்ட்ராட் பிக்கப்பில் கம்பி காந்தத்தை ஒட்டியே சுற்றியிருப்பதால், வியர்வையும் உப்புக்காற்றும் காந்தத்தைத் துருவேற்ற, உட்சுற்று முதலில் அரித்துப்போகிறது. வெளிமுனை அறுந்திருந்தால் பூதக்கண்ணாடி வைத்து ஒரு சுற்றைப் பிரித்துப் பற்றவைத்துவிடலாம். உள்முனை என்றால் புதிதாகச் சுற்ற வேண்டும். அப்போதும் அதே காந்தம், அதே அடித்தட்டில் சுற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: காந்தம் உயரமாக நிற்கிறதே என்று கட்டைவிரலால் அழுத்திவிடாதீர்கள். காந்தம் நகரும்போது உள்கம்பியை அறுத்துக்கொண்டு போகும். நல்ல பிக்கப்கள் பல இப்படித்தான் போயிருக்கின்றன.

கம்பிகள் உட்காரும் பிரிட்ஜ் சாடில்களின் குட்டித் திருகுகள் துருப்பிடித்திருக்கும். பல்குத்தும் குச்சி நுனியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு வைத்து, ஓர் இரவு விட்டுவிட்டு, பிறகு திருப்புங்கள். ஜப்பான் கிட்டாருக்குப் பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர் ஆலன் கீ. அமெரிக்க ஃபெண்டருக்கு 0.050 அங்குலம். மாற்றிப் போட்டால் தலை மழுங்கிவிடும்.

கோவை வாசகர்: 1966 ஃபெண்டர் மஸ்டாங். வெளிர் நீலமாக இருந்தது இப்போது பச்சையடித்துவிட்டது. ஆங்காங்கே பெயர்ந்தும் இருக்கிறது. கார் டிங்கரிங், பெயின்டிங் கடையில் புதிதாக அடித்துத் தருகிறேன் என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். நிறம் கெட்டுப்போகவில்லை. நீலத்துக்கு மேலுள்ள தெளிந்த நைட்ரோ லாக்கர் வயதாகி மஞ்சளாகியிருக்கிறது. நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் பச்சைதானே. பிக்கார்டைத் தூக்கிப் பாருங்கள், வெளிச்சம் படாத இடத்தில் அறுபதுகளின் நீலம் அப்படியே இருக்கும். அந்த வேறுபாடே அசல் பூச்சுக்கு அத்தாட்சி. புதுப் பெயின்ட் அடித்த பழைய கிட்டாரின் விலை ஏறத்தாழப் பாதியாகிவிடும், எவ்வளவு அழகாக அடித்தாலும்.

துடைப்பதற்கு ஈரம் பிழிந்த பருத்தித் துணி போதும். பிசுக்கு விடாவிட்டால் லைட்டருக்கு ஊற்றும் நாப்தா சிறிது, ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்பு பக்கத்தில் இல்லாமல். பெயர்ந்த ஓரங்களில் எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தின்னர், ஸ்பிரிட், சானிடைசர் மூன்றும் லாக்கரைக் கரைத்துவிடும். கார் பாலிஷில் உள்ள சிலிக்கான் விரிசல் வழியே மரத்துக்குள் இறங்கினால் நாளை எந்த ஒட்டும் பிடிக்காது.

வாங்கும்போது ரீபெயின்ட்டா என்று சந்தேகம் வந்தால், கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டறையில் பிடியுங்கள். பழைய நைட்ரோ மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பிறகு தொட்ட இடம் கறுப்புத் திட்டாகத் தெரியும்.

டொரொண்டோ வாசகர்: 1963 கிப்சன் ஈ.எஸ்.-335 ஒன்றை அடுத்த மாதம் சென்னைக்கு எடுத்துவர நினைக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் காகிதம். அந்த ஆண்டுக் கிட்டாரின் ஃபிரெட்போர்டு பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்பாட்டின் முதல் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்குக் கிடைத்த விலக்கு மற்ற ரோஸ்வுட் வகைகளுக்கு, அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம் போன்றவற்றுக்குத்தான். பிரேசில் மரத்துக்கு அது பொருந்தாது. கனடாவின் சைட்டீஸ் அலுவலகத்தில் இசைக்கருவிச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அது கைக்கு வரும் வரை டிக்கெட் போடாதீர்கள்.

பயணத்துக்குக் கம்பிகளை இரண்டு சுரம் இறக்குங்கள், முழுவதும் தளர்த்த வேண்டாம். ஹெட்ஸ்டாக்கின் கீழும் மேலும் துணி மடித்துவைத்து அது ஆடாமல் செய்யுங்கள். வந்ததும் பெட்டியை 24 மணி நேரம் மூடியே வையுங்கள். குளிர்ந்த மரத்தைச் சென்னை வெக்கையில் சட்டென்று திறந்தால் லாக்கர் மெல்லிய கோடுகளாக வெடிக்கும்.

கழுத்து புதுக் காற்றுக்குப் பழக இரண்டு வாரம் கொடுங்கள். பிறகு ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, 7-ஆவது ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (கனம் குறித்த மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் போதும். கூடினால் டிரஸ் ராட் நட்டை 5/16 அங்குல ஸ்பேனரால் வலப்பக்கம் கால் சுற்று, மறுநாள் மீண்டும் அளவு. நட் நகர மறுத்தால் பலம் கொடுக்காதீர்கள். பித்தளை மரை உரிந்துவிடும். பெட்டிக்குள் ஈரப்பதம் 45–55 சதவீதம் இருக்க ஒரு சிறு அளவுமானியும் நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலமும் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பொட்டலத்தை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

நாகர்கோவில் வாசகர்: ஃபிரெட்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? ஸ்டாண்டில் வைத்த இடத்தில் பிசுபிசுவென்று தடம் விழுந்திருக்கிறது, ஏன்?

பதில்: தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடித்து நாறும். வாசனை சேர்க்காத மினரல் ஆயில் நாலைந்து சொட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடத்தில் துடைத்துவிடுங்கள். அதுவும் ரோஸ்வுட்டுக்கு மட்டும். பூச்சுள்ள மேப்பிளுக்கு எதுவும் வேண்டாம். தடம் விழுந்தது ஸ்டாண்டின் ரப்பராலும் வினைலாலும். நைட்ரோ அவற்றோடு வினைபுரிந்து இளகிவிடும். தடத்தைச் சுரண்டாதீர்கள். ஸ்டாண்டில் வெள்ளைப் பருத்தித் துணி சுற்றுங்கள்.

சென்னை, பெரம்பூர் வாசகர்: 72858551 என்ற எண்ணுள்ள கிப்சன் லெஸ் பால் விலைக்கு வருகிறது. ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டியது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த எண் 1978-ஐக் காட்டுகிறது. முதல் இலக்கமும் ஐந்தாவதும் சேர்ந்து ஆண்டு, இடையிலுள்ள 285 அந்த ஆண்டின் நாள், அதாவது அக்டோபர் 12. கடைசி 551 நாஷ்வில் தொழிற்சாலை என்று சொல்கிறது. 1977-இலிருந்து கிப்சன் பின்பற்றிய முறை இது.

ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதாலும், டிரஸ் ராட் நட்டுக்காக அங்கேயே குழி தோண்டியிருப்பதாலும் லெஸ் பால் விழுந்தால் உடைவது அங்குதான். டிரஸ் ராட் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள், பின்பக்கம் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பசை நன்றாக இறங்கி, கோடு கையில் தட்டாமல், சுருதி ஏற்றி ஒரு நாள் வைத்தும் விரிசல் திறக்காவிட்டால் வாசிப்பதற்கு ஒரு குறையும் இல்லை. உடையாத அதே ஆண்டுக் கிட்டார் விற்ற விலையில் பாதிக்கு மேல் மட்டும் கொடுக்காதீர்கள்.