'144 இருக்கு' என்றால், காப்பி எங்கே?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருவில் மூன்று மாதமாகச் சாக்கடை பொங்கி வழிகிறது. பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வார்டு ஆபீஸ் எதிரே அட்டை பிடித்துக்கொண்டு அமைதியாக நிற்கலாம் என்றிருந்தோம். பீட் போலீஸ்காரர் வந்து, '144 இருக்கு, நின்றால் கேஸ்' என்று சொல்லிவிட்டுப் போனார். நிஜமாகவே நிற்கக் கூடாதா?"

முதலில் அந்த 144, அதாவது கூட்டம் கூடுவதைத் தடுக்கப் போடும் தடை உத்தரவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 163-ஆவது பிரிவு. பழக்கதோஷத்தில் போலீஸும் நாமும் பழைய எண்ணையே சொல்கிறோம். எண் எதுவானாலும், அது வருஷம் முழுக்க அமலில் இருக்கிற தடை இல்லை. அதிகாரி ஒருவர் காரணத்தை எழுதிப் போட வேண்டிய உத்தரவு. ஆயுள் இரண்டு மாதம். மாநில அரசு வேண்டுமானால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். எனவே, "சார், ஆர்டர் காப்பி இருக்கா?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

காரணம் இல்லாமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 2019 டிசம்பரில், குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிரான போராட்டங்கள் நடந்த சமயத்தில், நகரம் முழுக்க 144 போட்டார்கள். டவுன் ஹால் முன்னால் நின்றவர்களை வண்டியில் ஏற்றினார்கள். 2020 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு சட்டப்படி செல்லாது என்றது.

அப்புறம் ஒரு தவறான நம்பிக்கை: ஐந்து பேர் கூடினாலே குற்றம் என்பது. கூடுவதன் நோக்கம் அடிதடி, மிரட்டல் மாதிரி சட்டவிரோதமாக இருந்தால்தான் குற்றம். சாக்கடை அட்டை அதில் வராது.

ஆனால் உங்களுக்கு உண்மையான முட்டுக்கட்டை வேறு. பெங்களூரில் தர்ணா, ஊர்வலம் எல்லாம் ஃப்ரீடம் பார்க்கில் மட்டும்தான் என்று 2021-இல் கர்நாடக போலீஸ் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவு வந்திருக்கிறது. அதைக் காட்டி, வேறு இடங்களில் நின்றவர்கள் மேல் வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. (அந்தப் பார்க் முன்பு மத்தியச் சிறை. எமர்ஜென்சியில் வாஜ்பாயியையும் அத்வானியையும் அடைத்து வைத்த இடம்!) என்னைக் கேட்டால் இது நியாயமில்லை. அல்சூர்ச் சாக்கடைக்காக ஃப்ரீடம் பார்க்கில் போய் நின்றால் வார்டு ஆபீஸ்காரருக்கு எப்படித் தெரியும்? டெல்லியில் போராட்டங்கள் நடக்கிற ஜந்தர் மந்தர் பற்றிய வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், போராட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், ஒரேயடியாகத் தடை செய்யக் கூடாது என்றது. ஆனால் அந்த வாதம் உயர் நீதிமன்றத்துக்கானது. ரோட்டில் கான்ஸ்டபிளிடம் வைத்துப் பயனில்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? மனு கொடுக்கப் போவது தர்ணா ஆகாது. தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனு, கூடவே சாக்கடைத் தண்ணீர் வீட்டுப் படிக்கட்டைத் தொட்டு நிற்கிற போட்டோ, இரண்டு பிரதி. நான்கைந்து பேர் மட்டும் உள்ளே போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பாதீர்கள். '144' காப்பி காட்டவில்லையென்றால், 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டுக் கேளுங்கள்.

அட்டையோடுதான் நிற்பேன் என்றால், பின்விளைவு தெரிந்து நில்லுங்கள். வழக்கமாகப் போடுவது நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 223-ஆவது பிரிவு, அதிகாரி உத்தரவை மீறியது. ஜாமீனில் விட வேண்டிய குற்றம்தான். உத்தரவு போட்ட அதிகாரியோ, அவருக்கு மேலதிகாரியோ, அவர் அதிகாரம் கொடுத்த வேறு அரசு அதிகாரியோ எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள முடியும். வெறும் எஃப்ஐஆர் போதாது. பொழுது சாய்ந்தபின் பெண்களைக் கைது செய்வதென்றால் பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். மனுவின் சீல் போட்ட பிரதியை அன்றைக்குக் கையிலேயே வைத்திருங்கள். வக்கீல் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.