முதல் தடவையே அப்பாவை ஏற்றாதீர்கள்

கேள்வி: டல்லாஸ் அருகே சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். வயது 41. மனைவி, இரண்டு பிள்ளைகள். பைலட் லைசன்ஸ் போன வருடமே எடுத்துவிட்டேன். ஆர்வி-10 என்ற நான்கு பேர் விமானத்தின் கிட்டை (நாமே சேர்த்துக் கட்டும் பாகங்களின் தொகுப்பை) வாங்கி, வீட்டு கராஜிலேயே கட்டப் போகிறேன். அதை முடித்ததும் வேலையை விட்டுவிட்டு, மற்றவர்களுக்கும் கட்டி விற்கும் தொழிலில் இறங்க எண்ணம். வீட்டின் மேல் கடன் வாங்கலாமா? அடுத்த வருடம் அப்பாவுக்கு எழுபது. பீமரத சாந்தியை இங்கேயே வைத்து, விமானம் முதன்முதலாகக் கிளம்பும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வைக்க ஆசை.

பதில்: தம்பி, நீங்கள் கேட்டது கடனைப் பற்றி. நான் திரும்பத் திரும்பப் படித்தது அப்பாவைப் பற்றிய கடைசி வரியை.

சொந்தமாகக் கட்டிய விமானத்துக்கு எஃப்.ஏ.ஏ. என்ற அமெரிக்க விமானத் துறை அனுமதி தரும்போது, பொதுவாக முதல் 25 முதல் 40 மணி நேரம் சோதனைப் பறத்தல் என்று வைக்கிறார்கள். அதில் பயணியை ஏற்றக் கூடாது. இது மூலையில் ஒளிந்திருக்கும் விதி இல்லை. கட்டிய யாரிடம் பேசியிருந்தாலும் முதல் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஆக, நீங்கள் இன்னும் ஒருவரிடம்கூட உட்கார்ந்து பேசவில்லை. ஊரில் வீடு கட்டினால், சென்ட்ரிங் பிரிக்கிற அன்றைக்கு அந்தத் தளத்தின் கீழே அப்பாவுக்குப் பாய் விரிப்பீர்களா?

ஜான் டென்வர் என்ற அமெரிக்கப் பாடகர் 1997 அக்டோபரில் ஓட்டிய விமானம் கலிஃபோர்னியா கடலில் விழுந்து இறந்தார். லாங்-ஈசி என்ற அந்த விமானம் வேறொருவர் வீட்டில் கட்டியது. டென்வர் அப்போதுதான் அதை வாங்கியிருந்தார். வரைபடப்படி எரிபொருள் வால்வு பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர், உட்காரும் இடத்துக்குள் பெட்ரோல் வரக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். ஒரு டேங்கிலிருந்து இன்னொரு டேங்கின் எரிபொருளுக்கு மாற வேண்டுமென்றால் உடம்பைத் திருப்பி, கையைப் பின்னால் விட்டுத் துழாவ வேண்டும். அப்படித் திரும்பியபோது தெரியாமல் கால் பெடலை அழுத்தி விமானம் கைமீறிப் போயிருக்கலாம் என்கிறது விசாரணை. டென்வருக்கு அந்த விமானத்தில் பழக்கம் போதவில்லை, எரிபொருளையும் சரியாகப் பார்க்கவில்லை. எல்லாம் சேர்ந்தது. ஆனால் அந்த வால்வுக்கு இடம் குறித்தது ஒரு பட்டறையில், நல்ல மனதோடு. உங்கள் கராஜிலும் அப்படிப்பட்ட முடிவுகள் வரும். அவற்றைச் சோதிக்க எழுபது வயதுத் தகப்பனா கிடைத்தார்?

கணக்குக்கும் வருவோம். ஆர்வி-10 முடிக்க 2000 மணி நேரம் பிடிப்பது சாதாரணம். வாரம் 15 மணி நேரம் போட்டாலே இரண்டரை வருடம் தாண்டுகிறது. அப்பாவின் எழுபது அதற்குள் போய்விடும். அந்த 15 மணி நேரமும் உங்களுடையது மட்டுமில்லை, உங்கள் மனைவியுடையதும் பிள்ளைகளுடையதும்தான். மனைவி என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே.

தொழிலை மறந்துவிடுங்கள். பாதிக்கு மேற்பட்ட வேலையைச் சொந்தக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்தவர்களுக்குத்தான் நான் மேலே சொன்ன எஃப்.ஏ.ஏ. அனுமதி. விற்பதற்கென்றே கட்டினால் அது கிடைக்காது. கட்டியதில் காசு வாங்கி ஆள் ஏற்றவும் முடியாது.

கடனா? வேண்டாம். கிட் விலையில் என்ஜின், புரொப்பெல்லர், கருவிகள், பெயின்ட் எதுவும் சேராது. அந்த கிட்டைச் செய்யும் வான்ஸ் கம்பெனி 1973ல் தொடங்கியது. 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது. பிறகு மீண்டுவிட்டது. ஆனால் ஏற்கனவே ஆர்டர் கொடுத்தவர்கள் கூடுதல் பணம் கட்ட வேண்டி வந்தது. குடியிருக்கும் வீட்டை அடகு வைத்திருந்தால் அந்தக் கூடுதலுக்கு எங்கே போவீர்கள்? பிள்ளைகள் தூங்கும் கூரையை ஆசைக்குப் பிணை வைப்பவரை நான் மன்னிப்பதில்லை.

ஆசையை விடச் சொல்லவில்லை. இ.ஏ.ஏ. என்று, சொந்தமாக விமானம் கட்டுபவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கிளைக்கு மனைவியோடு போங்கள். முடித்தவர்களைவிட, முதலில் கட்டும் வால் பகுதியோடு நிறுத்திவிட்டவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஏன் நின்றது என்று அவர்கள் சொல்வதுதான் உங்களுக்கு வேண்டும். மனைவி கேட்கிற கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சிக்கென்று அலுமினியக் கருவிப் பெட்டி கிட் விற்கிறார்கள். அதை வாங்கி, மூத்த பிள்ளையை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, தகடுகளை இணைக்கும் ரிவெட் அடித்துப் பாருங்கள். அதன் பிறகும் வீட்டில் எல்லோரும் சரி என்றால், கையில் இருக்கும் பணத்தில் வால் கிட் மட்டும்.

பீமரத சாந்திக்கு அப்பாவையும் அம்மாவையும் கட்டாயம் வரவழையுங்கள். பூஜை முடிந்த மறுநாள், நீங்கள் ஓட்டிப் பழகிய செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை வாடகைக்கு எடுத்து, காலை வெயில் ஏறுவதற்குள் இருவரையும் கூட்டிப்போங்கள். சீட் பெல்ட்டை நீங்களே மாட்டிவிடுங்கள்.