ராமேஸ்வரம்: முழங்கால் வலியோடு 22 தீர்த்தம் ஆடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது. முழங்கால் தேய்மானம், கொஞ்ச தூரம்தான் நடப்பார். ராமேஸ்வரத்தில் நான் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும், தான் 22 தீர்த்தமும் ஆட வேண்டும், காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் சொம்பைச் சுவாமிக்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்கிறார். அதுவும் தை அமாவாசையில். எப்படித் திட்டமிடுவது?

பதில்: அம்மா சொன்ன மூன்றையும் செய்யலாம். அமாவாசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கரையில், அதாவது கோயிலுக்குக் கிழக்கே உள்ள கடற்கரையில், கால் வைக்க இடமிருக்காது. முழங்கால் வலிக்காரரை அந்த நெரிசலில் நிறுத்துவது நியாயமில்லை. அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நினைத்தால் சாஸ்திரத்தையே துணைக்கு அழையுங்கள். கண்ட நாளில் கடலில் நீராடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? சேது எனப்படும் இந்த ராமேஸ்வரக் கடலுக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. அங்கே எந்த நாளிலும் நீராடலாம். க்ஷேத்திரத்துக்குப் போனால் செய்யும் தீர்த்த சிராத்தத்துக்கும் அமாவாசைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆகவே விடுமுறையோ விசேஷமோ இல்லாத ஒரு வாரநாளாகப் பாருங்கள்.

முதல் நாள் பிற்பகலுக்குள் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டதிலிருந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது. மண்டபத்தில் இறங்கி வண்டி மாறும் தொல்லை இனி இல்லை. அறை எடுக்கும்போது கடல் தெரிகிறதா என்று கேட்காதீர்கள். கோயிலுக்கு எவ்வளவு நடக்க வேண்டும், அறை தரைத்தளத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். ஈரத் துணியோடு திரும்பி வரப்போவது அம்மாதான். அன்று மாலையே கோயிலுக்கு ஒரு நடை போய், சக்கர நாற்காலி கிடைக்குமா, மறுநாள் எந்தச் சேவை எத்தனை மணிக்கு என்று அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். 1212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிரகாரத்தை அவசரமில்லாமல் பார்க்கவும் அந்த மாலைதான் சரி. மறுநாள் யாருக்கும் தூணைப் பார்க்க நேரமிருக்காது.

பலர் குழம்புவது மறுநாள் காலை வரிசையில்தான். குளிக்காமல் எப்படிச் சுவாமியைப் பார்ப்பது என்று முதலில் கடலுக்குப் போகிறார்கள். திரும்பி வருவதற்குள் ஸ்படிக லிங்க தரிசனம் முடிந்துவிடுகிறது. அது விடியற்காலை 5 மணியை ஒட்டிக் கொஞ்ச நேரமே நடக்கும். அறையிலேயே குளித்து, உலர்ந்த உடையில் முதலில் ஸ்படிக லிங்கத்தைத் தரிசியுங்கள். அடுத்து அக்னி தீர்த்தம், கரையில் தர்ப்பணம், அதன்பின் கோயிலுக்குள் 22 தீர்த்தம், கடைசியாக உடை மாற்றிக்கொண்டு மூலவர் தரிசனம். ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள்.

தர்ப்பணத்துக்கு உங்கள் குடும்பப் புரோகிதர் வழியாகவே ஒருவரைச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கரையில் உட்காருவதற்கு முன்பே தட்சிணையைப் பேசி முடித்துவிடுங்கள். பாதி மந்திரத்தில் பேரம் பேசுவது இருவருக்கும் சங்கடம். உடுத்திய துணியைக் கடலில் விட்டுவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தத் துணிகள் அடுத்து முழுக்குப் போடுகிறவர் காலைத்தான் சுற்றிக்கொள்கின்றன.

இனி தீர்த்தங்கள். பெயர் தீர்த்தம் என்றாலும் பெரும்பாலும் அவை கிணறுகள். கிணற்று மேடையில் நிற்பவர் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். ஒன்றின் நீர் உப்புக் கரிக்கும், பக்கத்திலேயே இன்னொன்று இனிக்கும். உங்களைப் போன்றவர்கள் வயதும் கூட்டமும் பார்த்துப் பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது தரைக்கு. நாள் முழுக்க நீர் ஓடும் கருங்கல் தளம், வெறுங்கால், பின்னாலிருந்து வேகமாக வரும் குழுக்கள். தேய்ந்த முழங்காலோடு ஒருமுறை வழுக்கினால் போதும், யாத்திரை மருத்துவமனையில் போய் முடியும்.

அதனால் 22-ஐயும் அம்மா நடந்து ஆட வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் ஆடுங்கள். ஒரு சொம்பை எடுத்துப்போய் ஒவ்வொரு கிணற்றிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மா உலர்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். திரும்பி வந்து அந்த நீரை அவர் தலையில் தெளித்துவிடுங்கள். முடியாதவர்களுக்கு ஸ்நானத்துக்குப் பதில் புரோட்சணம் என்பது நம் வழக்கத்திலேயே உள்ள ஏற்பாடு, நீங்களாகச் செய்யும் சலுகை அல்ல. ஒரு தீர்த்தமாவது தலையில் விழ வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கடைசியான கோடி தீர்த்தத்துக்கு மட்டும் கைப்பிடித்துக் கூட்டிப் போங்கள். அக்னி தீர்த்தத்திலும் அலைக்குள் இறக்காமல், கரையில் நிற்கவைத்துச் சொம்பால் ஊற்றினால் போதும். நனைந்த புடவை காலைத் தடுக்கும் என்பதால் அம்மாவுக்கு அன்று சுடிதாரே பாதுகாப்பு. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் என்றால் வெறும் வயிற்றோடு இத்தனையையும் செய்ய வைக்காதீர்கள்.

கங்கைச் சொம்பின் மூடியைத் திறக்காமல் அப்படியே கொண்டுபோய், அபிஷேகச் சீட்டு வாங்கிச் சேர்ப்பியுங்கள். மூலவர் சீதை மணலால் பிடித்ததாகச் சொல்லப்படும் ராமலிங்கம். அனுமன் கொண்டுவந்ததாகச் சொல்லும் விஸ்வலிங்கம் வடக்கே இருக்கிறது. தாமதமாக வந்த அனுமனின் மனம் நோகக் கூடாது என்று முதல் பூஜையை அதற்கே வைத்திருக்கிறார்கள். அம்மாவை அங்கேயும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். முறைப்படி சேதுவில் மணலெடுத்துப் பிரயாகையில் கரைத்த பிறகே கங்கை நீர் இங்கே வர வேண்டும். நீங்கள் காசியில் தொடங்கிவிட்டீர்கள், அதனால் குறையொன்றுமில்லை. மறுபடி காசிக்குப் போகும் எண்ணமிருந்தால் மணலை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் ஓய்வுக்குப் பிறகு தனுஷ்கோடி. நிலம் முடியும் அரிச்சல்முனை வரை கார் போவதால் அம்மாவுக்குச் சிரமமில்லை. இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும், பிறகு அங்கே இருக்க விடமாட்டார்கள். முனையில் யாரும் கடலில் இறங்க வேண்டாம், நீரோட்டம் மோசம். வழியில் கோதண்டராமர் கோயிலில் இறங்குங்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது தப்பி நின்ற கோயில் அது. விபீஷணனுக்குப் பட்டாபிஷேகம் நடந்த இடம் என்பார்கள்.