அழுக்கும் ஆரஞ்சும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். ஓஹாயோவில் 11 ஆண்டுகளாக வசிக்கிறேன். பழைய இயந்திரங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவன். எங்கள் தெருவில் இருந்த முதியவர் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். அவர் புதிதாக வாங்கி ஓட்டிய 1970ஆம் ஆண்டு ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396 கார், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஷெட்டிலேயே நின்றது. அதை அவருடைய மகள் எனக்கு விற்றார்.

வெளி உடம்பு நன்றாக இருக்கிறது. பானெட்டைத் திறந்தால்தான் மனம் சோர்கிறது. என்ஜினின் ஆரஞ்சு பெயிண்ட் பல இடங்களில் உரிந்துவிட்டது. மீதியின் மேல் கருப்புப் பிசுக்கு. இங்குள்ள பட்டறை ஒன்றில் காட்டினேன். என்ஜினை வெளியே எடுத்து, மணல் வீசிச் சுரண்டி, புது பெயிண்ட் அடித்து ‘ஷோரூமில் இருந்தது போலவே’ தருகிறோம் என்கிறார்கள். நண்பர்களும் அதையே சொல்கிறார்கள். ஆனால் சாவியைக் கொடுக்கும்போது அந்த மகள், “அப்பாவைத் தவிர யாரும் இதில் கை வைத்ததில்லை” என்றார். அதுதான் என்னைத் தடுக்கிறது. படங்களை இணைத்துள்ளேன். நான் என்ன செய்வது?

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். கார்புரேட்டரின் ஒரு பக்கத்தை, அடுப்பு துடைக்கும் திரவத்தால் சுத்தம் செய்து பார்த்தேன். பொன்னிறமாக இருந்தது சாம்பலாகிவிட்டது. மறுபக்கத்தையும் துடைத்துச் சமமாக்கிவிடலாமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். மறுபக்கத்தைத் தொடாதீர்கள்.

அது ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர். அதன் பொன்னிறம் பெயிண்ட் கிடையாது. துருவைத் தடுக்க, வார்த்த உடலைக் குரோமேட் கரைசலில் முக்கி எடுத்தார்கள். அதில் உலோகத்தின் மேற்பரப்பே மெல்லிய படலமாக மாறிவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பொன்னுக்குள் பச்சையும் ஊதாவும் ஓடும். அடுப்பு துடைக்கும் திரவத்தில் இருப்பது கடுங்காரம். அந்தப் படலம் அதன் முன் ஒரு நிமிடம் நிற்காது. போன பக்கம் போனதுதான். புதிதாக முலாம் ஏற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், நன்றாகவே செய்வார்கள். ஆனால் பாதியாவது மிச்சமிருக்கும்போது அதை நான் செய்ய மாட்டேன். ஒரு பக்கம் சாம்பலாக இருந்தால் இருக்கட்டும், அது நீங்கள் போட்ட கையெழுத்து.

இப்போது ஆரஞ்சு. உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இரண்டு மாலைகளைக் கழித்தேன். நீங்கள் மனம் சோர்ந்த இடத்தில் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் ஒவ்வொரு பிரிவும் தன் என்ஜினுக்குத் தனி நிறம் வைத்திருந்தது. போன்டியாக் வெளிர்நீலம், ஷெவர்லே ஆரஞ்சு. 1977இல் எல்லாவற்றையும் ஒரே நீலத்துக்குக் கொண்டுவரும் வரை ஷெவர்லேயின் ஆரஞ்சு நீடித்தது. உங்களுடையதைப் போன்ற பெரிய வி8 என்ஜின்கள் நியூயார்க் மாநிலத்தில், பஃபலோ நகரை ஒட்டிய டோனவாண்டா ஆலையில் உருவானவை. அங்கே என்ஜினை முழுவதும் பூட்டிய பிறகுதான் பெயிண்ட் அடித்தார்கள். அடித்தார்கள் என்பதைவிட வீசினார்கள் என்று சொல்லலாம். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், கையில் பெயிண்ட் துப்பாக்கி, எண்ணி சில நொடிகள். அடிப்பூச்சு கிடையாது. வார்ப்பிரும்பில் எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தாலும் அதன் மேலேயே விழும். எட்டிய இடத்தில் கெட்டியாக, எட்டாத இடத்தில் புகைபோல.

இதனால்தான் அசல் என்ஜினைக் கண்டுபிடிக்க முடிகிறது. உங்கள் மூன்றாவது படத்தில் வாட்டர் பம்ப், பிளாக்கோடு (என்ஜினின் முக்கிய வார்ப்பு உடலோடு) சேரும் இடத்தைப் பாருங்கள். நடுவில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டின் விளிம்பிலும் ஆரஞ்சு ஏறியிருக்கிறது. போல்ட் தலைகளிலும் அதே ஆரஞ்சு, ஸ்பேனர் பட்ட வடு இல்லாமல். யாரும் கழற்றவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மகள் சொன்னது உண்மை. புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், சிலிண்டர் ஹெட்டைத் தொடும் ஓரத்தில் கருகிய ஆரஞ்சுத் துணுக்குகள் தெரிகின்றன. மேனிஃபோல்டுக்கென்று யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. பக்கத்தில் அடித்தது தெறித்தது. என்ஜின் சூடான முதல் சில மணி நேரத்திலேயே அது எரிந்து போகும். ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். மேனிஃபோல்டு மறைத்த பிளாக் பகுதியில் பெயிண்ட் ஏறியிருக்கவே வாய்ப்பில்லை. ‘உரிந்துவிட்டது’ என்று நீங்கள் எழுதிய இடங்களில் பாதி, ஒருநாளும் பெயிண்டைப் பார்க்காத இடங்கள்.

கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்கு வழிவிடும் இன்டேக் மேனிஃபோல்டும் ஆரஞ்சாக இருப்பதால் இது 350 குதிரைத்திறன் கொண்ட வகை என்று ஊகிக்கிறேன். 375 வகைக்கு அலுமினிய மேனிஃபோல்டு வரும். அதோடு, காரின் மேல் 396 என்று எழுதியிருக்கிறதே, 1970இல் அந்த என்ஜினின் உண்மையான கொள்ளளவு 402 கன அங்குலம். நல்ல பெயரை விட மனமில்லாமல் பழைய எண்ணையே ஒட்டி விற்றார்கள். பட்டறைக்காரர் ‘ஷோரூமில் இருந்தது போலவே’ என்று சொன்னதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அவர் தரப்போகும் கண்ணாடிப் பளபளப்பு எந்த ஷோரூமிலும் இருந்ததில்லை. பாகம் பாகமாகக் கழற்றித் தனித்தனியே பெயிண்ட் அடித்துப் பூட்டுவார். கேஸ்கெட் விளிம்புகள் சுத்தமாக இருக்கும், மேனிஃபோல்டு வெள்ளி நிறத்தில் மின்னும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது 1970ஆம் ஆண்டு கார் என்று சொல்ல எந்தத் தடயமும் மிஞ்சாது.

வேடிக்கை என்னவென்றால், தேர்ந்த சீரமைப்பாளர்கள் இன்று அந்தக் கவனக்குறைவையே காசு வாங்கிக்கொண்டு நகலெடுக்கிறார்கள். வழிந்த பெயிண்ட்டை வழிந்தபடி அடிக்கிறார்கள். மேனிஃபோல்டில் வேண்டுமென்றே தெறிக்கவிடுகிறார்கள். தொழிலாளி போட்ட மெழுகுப் பென்சில் குறிகளை மறுபடி எழுதுகிறார்கள். ஷெவர்லேயின் கொர்வெட் கார்களை மதிப்பிடும் என்சிஆர்எஸ் சங்கம் 1974இலிருந்து ‘ஆலையிலிருந்து வந்தபடி’ என்பதையே அளவுகோலாக வைத்திருக்கிறது. ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்கா, சீரமைக்காத வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. இவர்கள் அரும்பாடுபட்டு நடிப்பது உங்கள் ஷெட்டில் பிசுக்குக்கு அடியில் சும்மா கிடக்கிறது.

மணல் வீசுவது பற்றி ஒன்று. நம் ஊர்க் கோயில்களில் இது நடந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். தூண்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க மணலை வீசினார்கள். பிசுக்கு போயிற்று. கல்வெட்டு எழுத்தும் உளிக்கோடும் சேர்ந்து மழுங்கின. அதே கருவி, அதே அவசரம்.

நானும் யோக்கியன் அல்லன். மிச்சிகனில் ஒரு நண்பரின் பட்டறையில் வார இறுதிகளில் கைவேலை செய்துகொண்டிருந்த காலம். ஒரு ஃபயர்பேர்ட் கார் வந்தது. என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரில் மஞ்சள் நிறத்தில் ஏதோ கிறுக்கல். தின்னரில் துணியை நனைத்து ஒரே இழுப்பில் துடைத்துவிட்டேன். மாலையில் வந்த உரிமையாளர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. கார் வரிசையில் வரும்போது ஆலையில் எழுதிய எண் அது என்று நண்பர்தான் பிறகு சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஆகவே, துடைப்பதற்கு முன் எது அழுக்கு, எது பூச்சு, எது பின்னால் வந்தது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அங்குலத்தையும் படம் எடுங்கள். பிறகு மென்மையான பிரஷும் வேக்குவமும் கொண்டு வறண்ட தூசியை எடுங்கள். கெட்டியான கிரீஸை மரக்குச்சியால் நெம்புங்கள், இரும்பு வேண்டாம். மிச்சத்துக்குப் பஞ்சுக்குச்சியில் மினரல் ஸ்பிரிட் என்ற மென்மையான கரைப்பான், அதுவும் மறைவான ஓர் ஓரத்தில் சோதித்த பிறகு. பஞ்சில் கருப்பு வந்தால் தொடருங்கள், ஆரஞ்சு வந்தால் நிறுத்துங்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். கையுறை போடுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். தண்ணீரைப் பீய்ச்சும் இயந்திரத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுங்கள். ஒரு நாளில் ஒரு சாண் பரப்பு முடிந்தால் போதும். வால்வ் கவர் கசிந்த இடங்களில், பிசுக்குக்கு அடியில் பெயிண்ட் நேற்று அடித்ததுபோல் இருக்கும். அந்தக் கசிவுதான் அதைக் காத்தது.

உலர்பனி வீச்சு பற்றி யாராவது சொல்வார்கள். மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் கரியமில வாயுத் துகள்கள். அழுக்கை உடைத்துவிட்டு ஆவியாகிவிடும். காரின் அடிப்பகுதிக்கு நல்ல முறைதான். தளர்ந்த பெயிண்டுக்கும் பென்சில் குறிக்கும் அதன் முன் கதியில்லை. என்ஜின் பக்கம் வேண்டாம்.

உரியும் செதில்களை ஒட்டிவைக்க முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அருங்காட்சியகங்களில் இதற்கு பாராலாய்ட் பி-72 என்ற பிசினைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது சுமார் 40 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஓடும் என்ஜினில், அதைக் குளிர்விக்கச் சுற்றும் நீரே 90 டிகிரியைத் தொடும். ஓடாத காட்சிப் பொருளுக்கான மருந்து, ஓடும் காருக்கு ஆகாது. உங்கள் காரை ஓட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆகவே செதில்கள் விழுந்தால் விழட்டும். வெற்றிரும்பு தெரியும் இடத்தில் எண்ணெய் தோய்த்த துணியால் லேசாகத் துடையுங்கள். துருவுக்கு அது போதும். சூடாகாத தகடுகளுக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு பூசலாம்.

ஒன்றில் மட்டும் நான் பழைமைவாதி அல்லன். பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஹோஸ், பெல்ட், இவற்றை ஈவிரக்கமில்லாமல் மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் இருக்கும் எத்தனால் அந்தக் கால ரப்பரை அரித்துவிடும். தீப்பிடித்தால் அசலும் இல்லை, நகலும் இல்லை. கழற்றியவற்றைப் பையில் போட்டுச் சீட்டெழுதி வையுங்கள். ஸ்பார்க் பிளக் வயர்களில் எந்த ஆண்டின் எந்தக் காலாண்டு என்று அச்சிட்டிருக்கும். அதைத் தூக்கி எறிந்தீர்கள் என்றால் நேரில் வந்து சண்டை போடுவேன்.

பிளாக்கின் முன்பக்கம், பயணி அமரும் பக்கத்தில், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒரு சிறு சமதளம் இருக்கும். அதில் டோனவாண்டாவைக் குறிக்கும் டி (T) என்ற எழுத்தும், என்ஜின் பூட்டிய மாதமும் நாளும், குறியீட்டு எழுத்துகளும் அடித்திருப்பார்கள். எழுத்துகளுக்கு அடியில், அந்தத் தளத்தைச் சீவிய இயந்திரம் விட்ட மெல்லிய இணைகோடுகள் ஓடும். போலி எண் அடிப்பவர்கள் சறுக்குவது அந்தக் கோடுகளில்தான். கம்பி பிரஷ் ஒருமுறை பட்டாலும் கோடுகள் போய்விடும். துணியால் மட்டும் துடைத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.

உங்கள் ஒன்பதாவது படத்தில் ஏர் கிளீனர் மூடியைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். உள்பக்கம் பழுப்பேறிய ஒட்டுத்தாள் ஒன்று. அதில் பேனாவால் வரிசையாகத் தேதிகள், பக்கத்தில் மைல் கணக்கு. ஆலையில் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். எண்ணெய் மாற்றிய நாட்களாக இருக்கலாம். அதை உரித்துவிடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு படம் அனுப்பி, கையெழுத்து யாருடையது என்று கேளுங்கள்.